எழுத்தெல்லாம் தெரியும், வாசிக்கத்தான் தெரியாது

கேள்வி – 9 ஜூன் 2024, கொழும்பு தெமட்டகொடையிலிருந்து ஒரு தாய்

அக்கா, என்னுடைய மகனுக்கு எட்டு வயது. தரம் 3, தமிழ் மொழிமூலம். அ தொடக்கம் கடைசி எழுத்து வரைக்கும் பாடமாகச் சொல்லுவான். பார்த்து எழுது என்றால் கொப்பியில் அழகாக எழுதுவான். புத்தகத்தைத் திறந்து வாசி என்றால் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தைத் தானாக இட்டுக்கட்டிச் சொல்கிறான். கவனம் காணாது என்கிறார்கள். ரியூசனுக்கும் போகிறான். எழுத்துத் தெரிந்த பிள்ளைக்கு வாசிப்புத் தானாக வராதா?

9 ஜூன், இரவு 10.40

வராது. என் மூத்தவளுக்கும் வரவில்லை. அவள் தரம் 2 முடிக்கும்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. அதுவரைக்கும் அவள் புத்தகத்தை வாசிக்கிறாள் என்றே நினைத்திருந்தேன். ஒரு நாள் பக்கம் மாறித் திறந்திருந்தது. படம் வேறு, எழுத்து வேறு, அவள் மட்டும் பழைய பக்கத்தை ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் சொல்லக் கேட்டுக் கேட்டு முழுப் பாடமும் மனப்பாடம். கதிரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

நான் ஆசிரியை இல்லை, கணக்கு எழுதும் வேலை. மகளுக்காகத் தொடங்கினேன், பிறகு எங்கள் மாடியிலுள்ள பிள்ளைகளும் சேர்ந்தார்கள். இப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தின் கீழ்த்தட்டில் சனிக்கிழமைகளில் பதினான்கு பேர் வருகிறார்கள். நான் எழுதப்போவதெல்லாம் அந்த வாங்குகளில் இருந்து படித்தது.

கவனம் காணாது என்பதை இப்போதைக்கு ஒரு பக்கம் வையுங்கள். எந்த இடத்தில் தடுக்குகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு கடதாசியில் சொற்களை இந்த வரிசையில் எழுதுங்கள். முதலில் அரவோ (ா) கொம்போ (ெ, ே) விசிறியோ (ி) இல்லாதவை: படம், மரம், நகம், பழம். அடுத்து அரவு உள்ளவை: காகம், பாடம், தாளம். பிறகு கிளி, மீன், சிரி, வீடு. பிறகு குடம், பூனை, முயல், தூண். கடைசியாகப் பெட்டி, தேன், மேசை, கொடி, கோழி. படம் எதுவும் கீற வேண்டாம். அவன் சொல்லுவதைத் திருத்தாமல், சொன்னது சொன்னபடி பக்கத்தில் குறித்து அனுப்புங்கள். அவன் என்ன பிழை விடுகிறான் என்பதுதான் எனக்கு வேண்டும்.

அப்புறம், சுவரில் 247 எழுத்து அட்டை தொங்கினால் கழற்றி வையுங்கள்.

10 ஜூன்

அட்டையைக் கழற்றச் சொன்னதற்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மிகவும் மனம் நொந்து எழுதியிருக்கிறார். 12 உயிரும் 18 மெய்யும் 216 உயிர்மெய்யும் ஆய்தமும் தெரியாமல் என்ன வாசிப்பு என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன்.

நான் சொல்ல வந்தது இது. க கா கி கீ கு கூ என்று வரிசையாகச் சொல்லும் பிள்ளை ஒரு பாட்டைச் சொல்கிறது. நடுவிலிருக்கும் "கே"யைத் தொட்டுக் காட்டி இது என்ன என்று கேட்டுப் பாருங்கள். வாய்க்குள் "க கா கி கீ" என்று முதலிலிருந்து ஓடி வந்து, ஏழெட்டு இடம் தாண்டி, அங்கே நிற்கும். என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் அப்படித்தான். ஒவ்வோர் எழுத்துக்கும் இப்படி ஓடி வந்தால் ஒரு சொல்லின் கடைசிக்குப் போகும்போது முதலெழுத்து மறந்துவிடும்.

ஆகவே அட்டை இருக்கட்டும். வரிசையாக ஒப்புவிக்க வேண்டாம். குறுக்கும் நெடுக்குமாக, முன்னறிவிப்பில்லாமல் தொட்டுக் காட்டிக் கேளுங்கள். ஐயா, உங்களுக்கு நன்றி. நீங்கள் எழுதாவிட்டால் நான் பிழையாகவே விட்டிருப்பேன்.

16 ஜூன்

தெமட்டகொடைத் தங்கச்சி பட்டியலை அனுப்பியிருக்கிறார். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம்தான். பிள்ளையிடம் பெரிய குறை ஒன்றும் இல்லை, இடம் அகப்பட்டுவிட்டது.

படம் மரம் எல்லாம் சரி. காகம் சரி. கிளி, மீன் சரி. குடம் நின்று நின்று சொன்னான். பிறகு வருகிறது: பெட்டியைப் "பட்டி" என்றான். தேனைத் "தன்" என்றான். கொடியைக் "காடி" என்றான்.

கொடி எப்படிக் காடி ஆகும்? எழுத்தைப் பாருங்கள். முன்னால் ஒரு கொம்பு, நடுவில் க, பின்னால் அரவு. கொம்பை விட்டுவிட்டால் மிச்சம் "கா". பெட்டியில் கொம்பை விட்டால் "பட்டி". இந்தப் பிள்ளை கண்டபடி இட்டுக்கட்டவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே காரியத்தைச் செய்கிறான்: கொம்பை விட்டுவிட்டு வாசிக்கிறான்.

ஏன் விடுகிறான் என்பதை எங்கள் எழுத்திலேயே காணலாம். அரவு எழுத்துக்குப் பின்னால் வருகிறது, ஓசையும் பின்னால் வருகிறது. விசிறியும் அப்படியே. கொம்பு மட்டும் எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, அதன் ஓசையோ பின்னால்தான். கண் முதலில் கொம்பைக் காண்கிறது, வாய் முதலில் "ப்" என்று தொடங்க வேண்டும். கொ, கோ என்றால் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கலாம். வளர்ந்த எங்களுக்கு இது பழகிப் போய்விட்டது, அதனால் இதில் கஷ்டம் இருப்பதே தெரிவதில்லை. எட்டு வயதுக்கு இது உண்மையான கஷ்டம். கவனத்தோடு வாசிக்கிற பிள்ளையும் தடுமாறும்.

செய்ய வேண்டியது இது. சொற்களைச் சோடியாக எழுதுங்கள். பட்டி, பெட்டி. வலை, வேலை. மடை, மேடை. கடை, கொடை, கோடை. கொம்பை விரலால் மூடி "வலை" என்று சொல்லச் சொல்லுங்கள். விரலை எடுத்து "வேலை". மூடு, வலை. எடு, வேலை. பத்து நிமிடம் போதும். பதினோராவது நிமிடத்தில் அவன் கெஞ்சினாலும் நிறுத்திவிடுங்கள். நாளைக்கும் ஆசையோடு வரவேண்டும்.

17 ஜூன்

ஒரு திருத்தம். நேற்று எல்லாச் சோடியையும் ஒரே மூச்சில் தந்துவிட்டேன். அப்படிச் செய்யாதீர்கள். முதல் மூன்று நாள் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மட்டும். அது வாயில் ஏறிய பிறகு கொ, கோ. ஐகாரம் கடைசியில். வலையில் ஒரு "லை" ஏற்கெனவே ஒளிந்திருக்கிறது என்று ஒரு வாசகர் சுட்டிக்காட்டியிருக்கிறார், சரிதான். ஆனால் கொம்புக்குத் தடுமாறும் பிள்ளையும் "லை"யை இலை, தலை, மலை என்று சொல்லோடு சேர்த்துப் பிடித்து வைத்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

7 ஜூலை

தெமட்டகொடைப் பிள்ளைக்குக் கொம்பு வந்துவிட்டதாம். இருபது நாளில்! இப்போது "குடம்" பக்கம் நின்ற தயக்கத்தைப் பற்றித் தாய் கேட்கிறார்.

அரவுக்கு ஓர் அடையாளம்தான், எந்த எழுத்தோடும் அப்படியே சேரும். உகரத்துக்கு அப்படி ஓர் அடையாளம் கிடையாது. கு, சு, து மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மூன்றும் மூன்று விதம். இதை யாரும் பிள்ளைக்குச் சொல்வதில்லை. அது தானாக ஒரு பொது அடையாளத்தைத் தேடித் தேடிக் களைத்துப் போகிறது.

பதினெட்டையும் மூன்று குடும்பமாகப் பிரித்தால் இலகு. வளைந்து சுற்றும் குடும்பம்: கு, டு, மு, ரு, ழு, ளு. கீழே கோடு இறங்கும் குடும்பம்: சு, பு, யு, வு, அவற்றோடு ஙு. கீழே போய் மேலே ஏறும் குடும்பம்: து, நு, லு, று, ணு, னு, ஞு. இதில் ஙுவும் ஞுவும் சொல்லில் வருவது மிக அருமை, பிள்ளைக்கு இப்போது தேவையில்லை. ஒரு கிழமைக்கு ஒரு குடும்பம். ஊகாரம் அதற்குப் பிறகு. கூ மட்டும் எந்தக் குடும்பத்திலும் சேராமல் தனியாக நிற்கும், அதைத் தனியாகவே காட்டிவிடுங்கள்.

சனிக்கிழமைப் பிள்ளைகள் இந்த மூன்று குடும்பத்துக்கும் சுற்றுவீடு, இறங்குவீடு, ஏறுவீடு என்று தாங்களாகவே பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு பெண்பிள்ளை "புழு" என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, புழு இறங்கிப்போய்ச் சுற்றுது" என்றாள். அன்றைக்கு முழுக்க மண்டபத்தில் புழுதான்.

21 ஜூலை

வீட்டில் வாசிக்கப் புத்தகம் இல்லை என்று நான்கைந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். புத்தகம் வேண்டும், அதைப் பிறகு பேசுவோம். அதற்கு முன் காலி வீதியில் ஒரு முறை பஸ்ஸில் போய்வாருங்கள்.

100ஆம் இலக்கப் பஸ் பாணந்துறையிலிருந்து வருகிறது, 101 மொறட்டுவையிலிருந்து. இரண்டுமே வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி தாண்டிப் புறக்கோட்டைக்குப் போகும். வழியெல்லாம் பெயர்ப்பலகை, அதில் தமிழ் வரி. பிள்ளையை யன்னல் பக்கம் இருத்துங்கள். இந்த ஊர்ப்பெயர்களை நான் பல நாள் வைத்துப் பார்த்திருக்கிறேன். யாரோ பிள்ளைகளுக்காகவே அடுக்கி வைத்ததுபோல இருக்கின்றன. பம்பலப்பிட்டியில் குற்றும் (மெய்யெழுத்தின் புள்ளி) விசிறியும் மட்டும்தான், ஆகச் சுலபமானது அதுதான். கல்கிசையில் ஓர் ஐகாரம் கூடுகிறது. வெள்ளவத்தையில் முன்னுக்கும் பின்னுக்கும் கொம்பு. மருதானையில் சுற்றுவீட்டு ரு. புறக்கோட்டையில் இறங்குவீட்டுப் பு, ஓகாரம், ஐகாரம் மூன்றும். எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் கொட்டாஞ்சேனை. ஆறே எழுத்துக்குள் கொ, டா, சே, னை, போதாதற்கு இரண்டு குற்று. அதைத் தயங்காமல் எழுத்துக்கூட்டிச் சொல்லிவிட்ட பிள்ளைக்கு அடையாளங்களில் முக்கால்வாசி வந்துவிட்டது என்று நான் குறித்துக்கொள்வேன்.

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். எங்கள் ஒழுங்கையில் ஒரு மதிலில் "இங்கு குப்பை கொட்டாதீர்கள்" என்று எழுதியிருக்கிறது. போன வருடம் வந்த ஒரு மகன் அதைப் பார்த்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "இங்கு குப்பை கொட்டாஞ்சேனை" என்று வாசித்தான். எல்லாரும் சிரித்தோம், அவனும் சேர்ந்து சிரித்தான். பிறகு அவனைப் பக்கத்தில் நிறுத்தி, "கொட்டா" வரைக்கும் நீ வாசித்தாய், அதற்குப் பிறகு உனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லிவிட்டாய், வா, மிச்சத்தையும் பார்ப்போம் என்றேன். "தீ… ர்… க… ள்." அவன் முகம் மாறியதை நான் மறக்கவில்லை. சொல்லின் கடைசி வரைக்கும் போகவேண்டும் என்று அன்றைக்குத்தான் அவனுக்கு விளங்கியது.

பலகைகளில் தமிழ் பிழையாகவும் இருக்கும். அதைக் கண்டு பெரியவர்களுக்கு வரும் கோபம் எனக்கும் வரும். ஆனால் ஒரு பிள்ளை, "அம்மா, இதில் ஒரு எழுத்துப் பிழை" என்று சொன்னால் உடனே அணைத்துக்கொள்ளுங்கள். ஊகித்து வாசிக்கிற பிள்ளை பிழையைக் காணாது. ஒவ்வோர் எழுத்தாகப் பார்க்கிற பிள்ளைக்குத்தான் அது கண்ணில் படும்.

24 ஜூலை

எழுத்துக்கூட்டி வாசிப்பது கேவலம் என்று நினைத்து, கூட்டாமல் ஒரே மூச்சில் சொல்லு என்று அதட்டுவதாக ஒரு தகப்பன் எழுதியிருக்கிறார். வேண்டாம் அண்ணா. நானும் மகளிடம் அதைத்தான் செய்தேன், ஊகிக்கக் கற்றுக்கொடுத்தது நான்தான் என்று பிறகு தெரிந்தது. கூட்டி வாசிக்கட்டும். த, ம், பி என்று கூட்டும்போது "பி" வல்லினமாகத்தான் வாயில் வரும். சேர்த்துச் சொல்லும்போது தம்பி என்ற சொல் காதில் ஏற்கெனவே இருப்பதால் அது தானாக மெலியும். அந்த ஒரு கணத்தில் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்துக்கு இடம் கொடுங்கள். ஒரே சொல்லைப் பல தரம் கூட்டிய பிறகு கூட்டல் தானாக மறைந்துவிடும்.

20 ஓகஸ்ட்

நேற்றுப் போயா விடுமுறை. பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஒருவன் பாடப்புத்தகத்தில் "பௌர்ணமி"யைப் "பெ-ள-ர்-ண-மி" என்று வாசித்துவிட்டு, அப்படி ஒரு சாமான் இல்லையே என்று என்னைப் பார்த்தான். ஔகாரத்தின் வால் அச்சு அசல் ளகரம்போலவே இருக்கும்போது அவன் என்ன செய்வான்? போயா அன்றைக்கு நிலா முழுசாக வருமே, அதுதான் என்றேன். "ஓ, பௌர்ணமி!" ஔகாரம் தமிழில் அபூர்வம். அது வரவில்லையே என்று ஒருவரும் கவலைப்பட வேண்டாம்.

ஆனால் அவன் சொன்ன "அப்படி ஒரு சாமான் இல்லையே" என்ற பேச்சு என்னை இரவு முழுக்க யோசிக்க வைத்தது. சொல்லைத் தெரிந்த பிள்ளைதான் தன் பிழையைத் தானே பிடிக்கும். தெரியாத பிள்ளை பெளர்ணமி என்றே வாசித்துக்கொண்டு போகும்.

1986இல் கோஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காக எழுதினார்கள். எழுத்தைச் சொல்லாக்கும் திறனை மொழி விளங்கும் திறனால் பெருக்கினால் வருவதுதான் வாசித்து விளங்குவது என்றார்கள். அவர்கள் கூட்டவில்லை, பெருக்கினார்கள். ஒரு பக்கம் பூச்சியமானால் மறுபக்கம் எவ்வளவு இருந்தும் விடை பூச்சியம்தான். கணக்கு எழுதும் எனக்கு இது சட்டென்று பிடித்தது. ஜூன் தொடக்கம் நான் எழுதி வந்ததெல்லாம் ஒரு பக்கத்தைப் பற்றித்தான். மற்றப் பக்கத்தைத் தொடவே இல்லை. அதை இப்போது திருத்திக்கொள்கிறேன்.

கொழும்பில் அந்த மற்றப் பக்கம் சிக்கலானது. என் பதினான்கு பேரில் யாழ்ப்பாணத்து வீட்டுப் பிள்ளை "அவை வந்தினம்" என்கிறது. மலையகத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை "அவங்க வந்தாங்க" என்கிறது. தாயை உம்மா என்று கூப்பிடும் பிள்ளைகள் நான்கு பேர். வீட்டுக்கு வெளியே சிங்களம், தொலைபேசியில் ஆங்கிலம். புத்தகத்திலோ "அவர்கள் வந்தார்கள்", "தாய்", "தந்தை". எந்த வீட்டிலும் யாரும் அப்படிக் கதைப்பதில்லை. எழுத்துத் தமிழைப் பிள்ளை முதன்முதலில் புத்தகத்தில்தான் சந்திக்கிறது, அதுவும் எழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில். இரண்டு பாரத்தை ஒரே தோளில் ஏற்றுகிறோம்.

அதனால் காதுக்கு முதலில் கொடுங்கள். நீங்கள் வாசியுங்கள், பிள்ளை கேட்கட்டும். ஒரு நாளைக்கு ஒரு கதை, புத்தகத்தில் உள்ளபடியே. "வந்தார்கள்" என்று இருந்தால் "வந்தார்கள்" என்றே வாசியுங்கள். உங்கள் பேச்சுக்கு மாற்றாதீர்கள். பிறகு கதையைப் பிள்ளை தன் பேச்சில் திருப்பிச் சொல்லட்டும், அதைத் திருத்தாதீர்கள். வந்தினம் என்றாலும் வந்தாங்க என்றாலும் விளங்கிவிட்டது, அது போதும்.

25 ஓகஸ்ட்

கேட்டிருந்தீர்கள்: வாசிக்கத் தெரியாத தாய் என்ன செய்வது? எங்கள் மாடியில் அப்படி ஒருவர் இருக்கிறார். பிள்ளை வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்பார். "என்னது, திருப்பிச் சொல்லு, அந்த நரி ஏன் போனது?" என்பார். அவருடைய மகள் இன்று என்னிடம் வரும் பிள்ளைகளிலேயே நன்றாக வாசிப்பவள்.

22 செப்டெம்பர்

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை முடிந்துவிட்டது. இந்த வருடம் எழுதிய பிள்ளைகளில் பெரும்பாலானோர் 2020 ஜனவரியில் தரம் 1க்குப் போனவர்கள். போய் இரண்டரை மாதம் ஆகுமுன் மார்ச் நடுவில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. 2021இலும் பெரும்பகுதி மூடல். 2022இல் எரிபொருள் இல்லாமல் கொழும்பில் திரும்பவும் மூடல். கொம்பும் அரவும் படிக்க வேண்டிய வயதில் அவர்கள் கைத்தொலைபேசிக்கு முன்னால் இருந்தார்கள், அதுவும் தொலைபேசி இருந்த வீடுகளில். அந்தப் பிள்ளைகள் சிலர் வினாவை வாசித்து முடிக்கும்போது நேரம் போய்விட்டது என்று சொல்லி அழுகிறார்கள். விடை தெரியும், வினாவை வாசிக்க நேரம் பிடிக்கிறது. அவர்களுடைய பெற்றோர் மாதிரி வினாத்தாள் கட்டுக்கட்டாக வாங்கிக் கொடுத்தார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை, எல்லாரும் ஒரே பயத்தில்தான் இருக்கிறோம்.

ஜூனில் ஒருவர் ரீச்சர்மாரைத் திட்டி எழுதியபோது நான் பேசாமல் விட்டுவிட்டேன். அது சரியில்லை. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரையும் மூன்று நிமிடம் வாசிக்க வைத்துக் கேட்டாலே இரண்டு மணித்தியாலம் போய்விடும். ரீச்சருக்கு மற்றப் பாடங்களும் இருக்கின்றன. பதினான்கு பேரோடே எனக்கு மூச்சு வாங்குகிறது.

எனக்கு உதவியது இந்தியாவில் பிரதம் என்ற அமைப்பு செய்யும் முறை. அவர்கள் 2005 தொடக்கம் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளிடம் ஒரு சின்னத் தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார்கள். எழுத்து, சொல், சின்னப் பந்தி, சின்னக் கதை, அவ்வளவுதான் அந்தத் தாள். கற்பிக்கும்போதும் பிள்ளையின் வயதையோ வகுப்பையோ பாராமல் அது நிற்கும் படியைப் பார்த்துக் குழு பிரிக்கிறார்கள். நானும் அப்படிப் பிரித்தேன். தரம் 5 படிக்கும் மகன் ஒருவன் தரம் 2 பிள்ளைகளோடு இருக்க வேண்டி வந்தது. வெட்கப்படுவான் என்று பயந்தேன். அவனிடம் ஒளிக்காமல் சொன்னேன்: மகன், உனக்குக் கொம்பு மட்டும்தான் வரவில்லை, மூன்று கிழமையில் மேலே வந்துவிடுவாய். நான்கு கிழமை எடுத்தது. வந்துவிட்டான்.

15 ஒக்டோபர்

நவராத்திரி முடிந்து ஏடு தொடக்கிய குழந்தைகளின் படங்கள் எல்லாப் பக்கமும் வருகின்றன. தட்டில் அரிசி பரப்பி, சின்ன விரலைப் பிடித்து "அ" எழுதும் படங்கள். எனக்கு அந்தப் படங்கள் மிகவும் பிடிக்கும். என் மகளுடையது இன்னும் அலுமாரிக்கு மேலே இருக்கிறது. அந்த விரலைப் பிடித்த கை அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் பக்கத்தில் இருந்தால் எவ்வளவு நல்லது!

இது வாசிப்பு மாதம் வேறு. பாடசாலைகளில் பேச்சு, பதாகை எல்லாம் நடக்கிறது. முடிந்தவர்கள் பிள்ளையைக் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்கோ விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்திலுள்ள பொது நூலகத்துக்கோ ஒரு தரம் கூட்டிப்போங்கள். புத்தகத்தைப் பிள்ளையே தெரிவு செய்யட்டும். மெல்லிய புத்தகத்தை எடுத்தால் முகம் சுளிக்காதீர்கள்.

இன்னொன்று. அம்மம்மா சாமான் பட்டியல் எழுதி என் இளையவனிடம் கொடுத்தார். "கறிவேப்பிலை"யில் அவன் நின்றுவிட்டான். அம்மம்மா பழைய முறையில் லகரத்துக்குத் தும்பிக்கை வைத்து "லை" எழுதுபவர். தமிழ்நாட்டரசு 1978இல் எழுத்தைச் சீர்திருத்தி ணை, லை, ளை, னை நான்கின் தும்பிக்கையையும் எடுத்துவிட்டது, பிறகு இங்கும் அச்சில் அதுவே பழகிவிட்டது, அம்மம்மாவின் கை மட்டும் பழையபடி. அவர் பேரனைப் பக்கத்தில் இருத்தி யானைத் தும்பிக்கையைக் கீறிக் காட்டினார். அரை மணித்தியாலம் இரண்டு பேரும் யானை யானையாக எழுதிக்கொண்டிருந்தார்கள். கறிவேப்பிலை வாங்க மறந்துவிட்டது.

3 நவம்பர்

மௌன வாசிப்பா, சத்த வாசிப்பா என்று கேட்டவருக்கு: அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு தேசிய வாசிப்புக் குழு வெளியிட்ட அறிக்கையில், பக்கத்தில் ஒருவர் இருந்து வழிகாட்டப் பிள்ளை சத்தமாக, திரும்பத் திரும்ப வாசிப்பது பலன் தருகிறது என்று கண்டிருக்கிறார்கள். தனியே மௌனமாக வாசிப்பதற்கு அப்படிப் போதிய ஆதாரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இதைப் படித்தவுடன் எங்கள் மண்டபத்தில் மௌன வாசிப்பை நிறுத்தினேன்.

பிறகு மனம் கேட்கவில்லை. ஆதாரம் கிடைக்கவில்லை என்றால் பலன் இல்லை என்று ஆகிவிடாது. நன்றாக வாசிக்கத் தொடங்கிவிட்ட மூன்று பேர், கதைப்புத்தகத்தோடு மூலைக்குப் போக விடுங்கள் என்று கெஞ்சினார்கள். அவர்களை மறித்து வைத்து நான் எதைக் காப்பாற்றினேன்? இப்போது கூட்டி வாசிப்பவர்கள் என் பக்கத்தில் சத்தமாக, ஓடி வாசிப்பவர்கள் மூலையில் மௌனமாக.

புத்தகத்துக்கு: பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் படி படியாகப் பிரித்த தமிழ்க் கதைகள் இலவசமாக இருக்கின்றன. அச்சடித்துத் தைத்துக்கொள்ளலாம். அங்கே எழுதுவது பெரும்பாலும் தமிழ்நாட்டுத் தமிழ். "மிதிவண்டி" என்று வந்த இடத்தில் எங்கள் பிள்ளைகள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். வீட்டில் சைக்கிள், பாடப்புத்தகத்தில் துவிச்சக்கரவண்டி, இங்கே மிதிவண்டி. ஒருவன் மிதித்துக் காட்டினான், விளங்கிவிட்டது. ரூம் டு ரீட் நிறுவனம் 2005 தொடக்கம் இலங்கையில் வேலை செய்கிறது. அவர்கள் தமிழிலும் சிறுவர் நூல்கள் வெளியிட்டிருக்கிறார்கள். உங்கள் பாடசாலை நூலகத்தில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பூட்டிய அலுமாரிக்குள் இருந்தால் அதிபரிடம் அன்பாகச் சொல்லித் திறக்க வையுங்கள்.

4 நவம்பர்

எத்தனை மாதத்தில் எல்லா எழுத்தும் வரவேண்டும் என்று ஒருவர் பதற்றத்தோடு கேட்கிறார். கன்னடப் பிள்ளைகளிடம் சோனாலி நாக் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்துகள் முழுதாகக் கைவரத் தரம் 4 வரைக்கும்கூட இழுக்கிறது என்று கண்டிருக்கிறார். ஆங்கிலத்து 26 எழுத்தை வைத்து எங்கள் பிள்ளைகளை அளக்கக் கூடாது. கன்னடத்திலுள்ள கூட்டெழுத்துகள் தமிழில் இல்லை, எங்களுக்குக் குற்று இருக்கிறது. ஆகவே எங்களுக்குக் கொஞ்சம் இலகு. ஆனாலும் தரம் 1 முடியுமுன் எல்லாம் வரவேண்டும் என்று துடிக்காதீர்கள். மூன்று நான்கு மாதம் ஒழுங்காக இருந்தும் ஓர் அடிகூட நகராவிட்டால் மட்டும் முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். இரண்டு வருடம் மந்தம் என்று பெயர் வாங்கிய ஒரு பிள்ளைக்குக் கண்ணாடிதான் தேவைப்பட்டது. கண்ணாடி போட்ட அன்று மண்டபச் சுவரிலிருந்த அறிவித்தலைத் தூரத்திலிருந்தே வாசித்தாள்.

14 டிசம்பர்

தெமட்டகொடைத் தங்கச்சி எழுதியிருக்கிறார். அவர் கோப்பை கழுவி முடிக்குமுன் மகன் புத்தகத்தைத் திறந்து தொடங்கிவிடுகிறானாம். நேற்று ஒரு முழுக் கதை. இரண்டு இடத்தில் மட்டும் நின்றான்: "அணைத்துக்கொண்டது", "நூற்றுக்கணக்கான". இரண்டையும் பிரித்துப் பிரித்துத் தானே சொல்லிவிட்டான். இனிப் பக்கத்தில் இருக்கத் தேவையில்லையா என்று கேட்கிறார்.

இருங்கள் தங்கச்சி. குறைந்தது தரம் 4 முடியும் வரைக்கும். பக்கத்தில் உட்கார நேரமில்லாவிட்டால் குசினியிலிருந்தே கேளுங்கள். ஒரு சொல்லை விழுங்கிவிட்டால் "என்னது?" என்று மட்டும் கேளுங்கள், அவன் திரும்பிப் போய்ப் பார்ப்பான். "நூற்றுக்கணக்கான" மாதிரி நீண்ட சொற்களை ஒரு கொப்பியில் சேர்த்து வாருங்கள், அடுத்த கட்டம் அதுதான். நூற்று, கணக்கு, ஆன என்று மூன்றாக உடைக்கப் பழகட்டும்.

உங்கள் சின்ன மகள் வருகிற வருடம் தரம் 1 என்று எழுதியிருந்தீர்களே. அவளையும் அந்த நேரத்தில் பக்கத்தில் இருத்துங்கள். அண்ணா வாசிக்கட்டும், அவள் கேட்கட்டும்.

சனிக்கிழமை ஒன்பதரைக்கு ஒரு வாங்கில் இடம் இருக்கிறது. இரண்டு பேரையும் கூட்டி வாருங்கள்.